இருமல் இல்லை என்று சொன்னார்கள்

மட்டாஞ்சேரியில் எந்தத் தாயிடமும் "குழந்தைக்கு இருமல் உண்டா?" என்று கேட்காதீர்கள். இல்லை என்றுதான் சொல்வாள். பொய் சொல்கிறாள் என்று நினைத்து நீங்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவும் வேண்டாம். குழந்தைகள் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு நான் சொல்ல நினைத்ததில் பாதி இதோடு முடிந்தது. மீதிப் பாதிக்குத்தான் கதை வேண்டியிருக்கிறது. நான் ஓய்வு பெற்றவள், எனக்கு நேரம் கிடக்கிறது. உங்களுக்கு இல்லை என்று தெரியும். இருந்தாலும் உட்காருங்கள்.

நெஞ்சில் கிருமி புகுந்தால் காய்ச்சல், இருமல், மூச்சிரைப்பு என்று வரிசையாகப் படித்துவிட்டு வருகிறோம். குழந்தைகள் அந்த வரிசைப்படி நோவைக் காட்டுவதில்லை. நுரையீரலின் அடிப்பாகத்தில் சளி கட்டிய பையன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வருவான். குடல்வால் என்று அறுக்கக் கிளம்பிவிடுவோம். தொண்டையில் வெள்ளைப் படலம் படர்ந்த குழந்தையை, சோறு வேண்டாமென்று அடம் பிடிக்கிறது, நாலு வார்த்தை திட்டுங்கள் டாக்டர் என்று அழைத்து வருவார்கள். ஒரே கிருமி மூன்று வீட்டில் மூன்று வேஷம் கட்டும். அந்த மூன்று வேஷத்தையும் ஒரே சமயத்தில் பார்க்கும் அதிர்ஷ்டம் எனக்கு ஒருமுறை வாய்த்தது. அதிர்ஷ்டம் என்று இப்போது சொல்கிறேன். அன்றைக்கு அப்படிச் சொல்லியிருக்க மாட்டேன்.

எழுபதுகளின் கடைசி. மட்டாஞ்சேரியில் ஒரு சின்ன தர்ம ஆஸ்பத்திரியில் நான் இளைய டாக்டர். எங்களுடையது பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பம். அப்பா காலத்திலேயே கொச்சிக்கு வந்துவிட்டோம். வீட்டுக்குள் தமிழ், படி இறங்கினால் மலையாளம். அதனால் தென்காசி, திருநெல்வேலிப் பக்கமிருந்து பிழைக்க வந்தவர்கள் யார் வந்தாலும் நர்ஸுகள் என்னிடம் தள்ளிவிடுவார்கள். எனக்கு மேலே ஒருவர் இருந்தார். பெரிய டாக்டர் என்றே எல்லோரும் அழைப்போம். கெட்டிக்காரர், அதைவிடக் கண்டிப்புக்காரர். அவர் சொன்னதை மறுத்துப் பேச வேண்டுமென்றால் ஒரே வாக்கியத்தில் பேச வேண்டும், அதுதான் அவருடைய சட்டம். இரண்டாவது வாக்கியத்துக்கு வாயைத் திறந்தால் எழுந்து போய்விடுவார். அந்தச் சட்டத்தை நான் மனதுக்குள் திட்டாத நாள் இல்லை.

முதலில் வந்தவள் சுபைதா என்கிற சிறுமி. பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்த வயது. இரண்டு கண்ணிலும் வெள்ளை விழி முழுக்க ரத்தச் சிவப்பு. பார்ப்பவர்களுக்குக் குலை நடுங்கும். அவளுக்கோ வலி என்று எதுவுமில்லை. வகுப்பில் மற்ற பிள்ளைகள் அவளைப் பார்த்து அலறுவதில் உள்ளூர ஒரு பெருமைகூட இருந்தது. கண்ணில் நோயில்லை, சின்ன ரத்தக்குழாய் உடைந்திருக்கிறது, அவ்வளவுதான் என்று கண் டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். சரி, ஏன் உடைந்தது? விழுந்தாளா, அடிபட்டாளா, முக்கி முக்கி வெளிக்குப் போகிறாளா, இருமல் உண்டா என்று அவள் உம்மாவிடம் ஒவ்வொன்றாகக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் இல்லை என்றாள். நெஞ்சில் குழலை வைத்தால் சுத்தமாகக் கேட்டது. காய்ச்சலும் இல்லை. தானாக வடிந்துவிடும் என்று சொல்லி அனுப்பினேன். ஆனால் அந்தச் சிவப்பு என் மண்டையில் உட்கார்ந்துகொண்டது. காரணம் பிடிபடாத எதுவும் எனக்குச் சோற்றை இறங்கவிடாது. அது என் பிறவிக் குணம்.

அடுத்தாற்போல ஒரு பையன் வந்தான். தின்றதெல்லாம் வாந்தியாகப் போகிறது, ஆளோ துள்ளிக் குதித்துக்கொண்டு இருக்கிறான் என்றார்கள். பூச்சி மருந்து கொடுத்துப் பார்த்தாகிவிட்டதாம். இருமல்? இல்லை. அவனுக்கும் நெஞ்சு சுத்தம்.

மூன்றாவதாக வந்ததுதான் செண்பகத்தின் குழந்தை. கல்யாணமாகி வருஷக்கணக்கில் காத்திருந்து பெற்ற பிள்ளை. கழுத்துக்கூட நிற்கவில்லை, பேர் வைக்கவில்லை. பால் குடித்துக்கொண்டே இருக்கிறான், திடீரென்று நீலம் பாரித்துத் துவண்டுவிடுகிறான். "செத்துட்டான்னே நினைச்சேன்மா," என்று அவள் சொன்னபோது குரலில் அழுகைகூட இல்லை, அவ்வளவு பயந்திருந்தாள். காய்ச்சல் இல்லை. இருமல் இல்லவே இல்லை என்று கையை விரித்தாள். உடனே வார்டில் சேர்த்தோம்.

பெரிய டாக்டர் வந்து பார்த்தார். வலிப்பு என்றார். அவரைக் குறை சொல்ல நான் இதைச் சொல்லவில்லை. பச்சைக் குழந்தை துவண்டு நீலமானால் அன்றைக்கு யாரும் அப்படித்தான் நினைத்திருப்போம், நானும் அப்படித்தான் நினைத்தேன். முதுகுத்தண்டு நீரெடுத்துப் பார்த்தோம், தெளிவாக இருந்தது. வலிப்புக்கு மருந்து தொடங்கினோம். மருந்து குழந்தையை மயக்கத்தில் வைத்ததே தவிர, நீலம் பாரிப்பது நிற்கவில்லை. ஒவ்வொரு முறையும் செண்பகம் கத்துவாள், நர்ஸ் ஓடுவாள், பின்னால் நான் ஓடுவேன். போய்ச் சேரும்போது குழந்தை கத்தரிப்பூ நிறத்தில் கிடக்கும். சளியை உறிஞ்சி எடுத்து, ஆக்சிஜன் பிடித்து, முதுகைத் தேய்த்தால் மெல்ல அழும். கவனியுங்கள், நாங்கள் எல்லோரும் பார்த்தது முடிவை மட்டும்தான். தொடக்கத்தைப் பார்த்தவள் ஒருத்திதான், அவளிடம் நாங்கள் யாரும் சரியாகக் கேட்கவில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது ஒருநாள் காலையில் செண்பகத்தின் கணவன் வந்தான். பாண்டிகசாலையில் மூட்டை தூக்குகிறவன். உங்களில் வெளியூர்க்காரர்களுக்குச் சொல்கிறேன், மட்டாஞ்சேரியில் சரக்குக் கிடங்குக்கு அதுதான் பெயர். அதிர்ந்து பேசாத மனுஷன். அன்றைக்கு முடிவு பண்ணிக்கொண்டு வந்திருந்தான்.

"நீங்க வலிப்புங்கிறீங்க. மருந்து கொடுத்தும் நிக்கல. எங்க ஊர்ல இதுக்குப் பட்சி தோஷம்னு பேரு. தண்ணி ஓதி ஊத்துறவுக இருக்காக. மத்தியானம் போட்டுல ஏறிக் காயலைத் தாண்டி எர்ணாகுளம் போயி ரயிலைப் பிடிக்கிறோம்மா."

எங்கள் மருந்து அந்த நீலத்தை நிறுத்தவில்லை என்று அவன் சொன்னது உண்மைதான். அவன் ஊரான தென்காசிக்குப் போய்ச் சேர இங்கிருந்து ஒரு நாள் பொழுது ஆகும். ரயிலில் ஒருமுறை நீலம் பாரித்தால் அந்தக் குழந்தை ஊர் போய்ச் சேராது, அது மட்டும் எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. மத்தியானம் வரை பொறு என்று கெஞ்சினேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினான்.

அப்போது குழந்தையைச் சுற்றியிருந்த துணியை விலக்கக் குனிந்தேன். சுக்கு வாசனை அடித்தது. நெற்றியில் பற்று ஏதாவது போட்டாளோ என்று சந்தேகப்பட்டுக் கேட்டேன். இல்லை என்றாள் செண்பகம். "கெடங்குத் துணிம்மா. எத்தன தடவ அலசினாலும் இந்த வாசம் போவாது." சொல்லிவிட்டு அவள் துணியைச் சரி செய்யப் போய்விட்டாள், எனக்கோ சுருக்கென்றது. இதே வாசனையை நான் சுபைதாவின் பாவாடையில் முகர்ந்திருக்கிறேன். அந்த வாந்திப் பையன் சட்டையிலும். சுபைதாவைத் தெரியுமா என்று கேட்டேன். தெரியாமலென்ன, எல்லாம் கொச்சங்காடியில் எங்கள் சுக்குக் கிடங்குப் பிள்ளைகள்தான் என்றாள். அம்மாக்கள் உள்ளே சுக்குப் புடைக்கும் வரை எல்லாப் பிள்ளைகளும் த்ரேசியா சேச்சியிடம்தான் கிடக்குமாம்.

சிவந்த கண், வாந்தி, நீலம். மூன்றும் ஒரே கூரைக்கு அடியிலிருந்து வந்திருக்கின்றன. புறநோயாளிகளை நர்ஸிடம் சமாளிக்கச் சொல்லிவிட்டுக் கொச்சங்காடிக்கு நடந்தேன். பயம் ஒரு பக்கம் இருந்தாலும், அதைவிட அதிகமாக ஆவல் பிடித்துத் தள்ளியது என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன். டாக்டருக்கு அந்த ஆவல் இல்லையென்றால் வேறு வேலை பார்க்கலாம்.

கிடங்குக்குள் கால் வைத்தவுடன் எனக்கு இருமல் வந்துவிட்டது. காய்ந்த இஞ்சியைச் சாக்கில் கட்டித் தேய்ப்பார்கள், முறத்தில் புடைப்பார்கள். சுக்குத் தூளும், பூச்சி அண்டாமல் மேலே பூசிய சுண்ணாம்புத் தூளும் வெயில் விழுந்த இடமெல்லாம் பறக்கிறது. நான் இருமி முடித்துக் கண்ணைத் துடைத்தால் பெண்கள் எல்லோரும் சிரிக்கிறார்கள். சிரித்துக்கொண்டே அவர்களும் இருமுகிறார்கள். சுக்குக்கு மிஞ்சிய மருந்தில்லை, சுப்பிரமணியனுக்கு மிஞ்சிய சாமியில்லை, மருந்தே மூக்கில் ஏறுகிறது, ஆஸ்பத்திரி எதற்கு என்று தமிழ்க்காரி ஒருத்தி கிண்டல் பண்ணினாள்.

சுபைதாவின் உம்மாவைக் கண்டுபிடித்தேன். குழந்தைக்கு இருமல் இல்லை என்று சொன்னாயே என்று கேட்டேன். அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு என்னை வினோதமாகப் பார்த்தாள்.

"சுக்குப் பொடியில கெடக்கிற பிள்ளை இருமாதோ டாக்டரே? அதும் ஒரு சீக்கா? வேர்க்கிறதைப் போய் ஆசுபத்திரியில பறயுமோ?"

எனக்கு முகத்தில் தண்ணீர் தெளித்த மாதிரி இருந்தது. இந்தத் தெருவில் இருமல் நோவில் சேர்த்தியில்லை. வியர்வை மாதிரி, மூச்சு மாதிரி, அது பாட்டுக்கு இருக்கிற சங்கதி. நான் நோவைக் கேட்டேன், அவர்கள் நோவைச் சொன்னார்கள். இருமல் அந்தப் பேச்சுக்குள்ளேயே வரவில்லை.

சரி, எல்லோரும் இருமுகிற இடத்தில் எது தூசி இருமல், எது கிருமி இருமல் என்று எப்படிப் பிரிப்பது? அங்கேயே நின்று யோசித்தேன். தூசியை விட்டு வெளியே கொண்டுபோனால் தூசி இருமல் நின்றுவிட வேண்டும், கிருமி இருமலுக்கு அந்த மரியாதை கிடையாது. அன்றைக்குப் பள்ளிக்கூடம் இல்லாததால் சுபைதாவும் அங்கேதான் இருந்தாள். பிள்ளைகள் அத்தனை பேரையும் கூட்டிக்கொண்டு சந்துக் கடைசியில் காயல் கரைக்குப் போனேன். டாக்டர் ஏதோ பைத்தியக்காரத்தனம் பண்ணுகிறாள் என்று பெண்களும் வாசலுக்கு வந்து நின்றார்கள். நல்ல காற்று. வழியில் சாயாக்கடையில் பழம்பொரி, அதுதான் வாழைப்பழ பஜ்ஜி, வாங்கி ஆளுக்கொன்று கையில் கொடுத்து, ஓடுங்கள், சிரியுங்கள், தின்னுங்கள் என்றேன். பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல வைத்தியம் வேண்டுமா?

சற்று நேரத்தில் பெரும்பாலான பிள்ளைகளுக்கு இருமல் ஓய்ந்துவிட்டது. சுபைதா ஓடி வந்து பழம்பொரியைக் கடித்தாள், எதற்கோ சிரித்தாள், இருமல் பிடித்துக்கொண்டது. ஒன்றன் மேல் ஒன்றாக, நடுவில் மூச்சு இழுக்க இடம் தராமல் இருமுகிறாள். முகம் சிவந்து கறுக்கிறது, நாக்கு வெளியே தள்ளுகிறது, கண் பிதுங்குகிறது. கடைசியில் சேவல் கூவுவது போல ஒரு நீண்ட இழுப்பு. அதோடு தின்ற பழம்பொரியும் வெளியே வந்தது. வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஓடிப்போனாள். வாந்திப் பையனும் கொஞ்சம் தள்ளி அதையே செய்துகொண்டிருந்தான்.

கக்குவான் இருமல். இவர்கள் மலையாளத்தில் வில்லன் சும என்பார்கள், சும என்றால் இருமல், அந்தப் பெயருக்குத் தகுந்த வில்லன்தான். அந்த இருமலின் வேகத்தில்தான் சுபைதாவுக்குக் கண்ணில் ரத்தம் உடைந்தது. அந்த வேகத்தில்தான் பையனுக்கு வயிறு புரண்டது. ஒரு வேகத்துக்கும் அடுத்த வேகத்துக்கும் இடையில் நெஞ்சு துடைத்து வைத்தாற்போல இருக்கும், குழலில் ஒன்றும் கேட்காது. எல்லாம் பாடத்தில் படித்ததுதான். கண்ணெதிரே நடந்தால்தான் படித்தது ஞாபகம் வருகிறது.

ஆனால் செண்பகத்தின் குழந்தை இருமவில்லையே. அந்த முடிச்சு அவிழவில்லை.

அப்போது எனக்குப் பின்னால் இன்னொரு இருமல் கேட்டது. த்ரேசியா சேச்சி. மூட்டை சரிந்து விழுந்து இடுப்பு ஒடிந்தவள். புடைக்க உட்கார முடியாததால் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறாள். நொண்டிக்கொண்டு பிள்ளைகள் பின்னாலேயே கரைக்கு வந்திருந்தாள். நல்ல காற்றில் நின்றுகொண்டு, படகு கட்டும் தூணைப் பிடித்தபடி, ஓங்கரிக்கும் வரை இருமினாள். மழைக்கு முன்னாலேயே பிடித்த இருமல் என்று பக்கத்தில் நின்றவள் சொன்னாள். பெரியவர்களுக்கு இந்த நோய் கூவாது, வெறும் விடாத இருமலாகத்தான் நிற்கும். எந்நேரமும் தொட்டில்கள் மேல் குனிந்து குழந்தைகளிடம் கொஞ்சிப் பேசுகிறவள் அவள். செண்பகத்தின் குழந்தைக்கும் இவளிடமிருந்து இதே கிருமிதான் போயிருக்கும் என்று எனக்குப் புரிந்துவிட்டது. வெயில் உச்சிக்கு வந்திருந்தது, நான் திரும்பி ஓடினேன்.

வார்டில் கட்டில் காலி. அவர்கள் புறப்பட்டுவிட்டார்கள் என்றாள் நர்ஸ். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு படகுத்துறைக்கு, அதுதான் போட்டு ஜெட்டிக்கு, ஓடினேன். டாக்டர் தெருவில் ஓடுவதை மட்டாஞ்சேரி அன்றைக்குத்தான் பார்த்தது.

போட்டு இன்னும் வரவில்லை. ஜெட்டிப் படியில் செண்பகம் உட்கார்ந்து, ஏறுவதற்கு முன் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் மூச்சு வாங்கிக்கொண்டு அருகில் போய் நிற்கவும், குழந்தை மார்பை விடவும் சரியாக இருந்தது. செண்பகம் என்னைப் பார்த்து, தொடங்கப் போகிறது என்று கண்ணாலேயே சொன்னாள்.

இங்கேதான் பிள்ளைகளே, என் வேலைக்காலத்தில் நான் செய்த மிகக் கஷ்டமான காரியம். ஒன்றும் செய்யாமல் பார்த்தேன். கை பரபரக்கிறது, குழந்தையைப் பிடுங்கு என்று நெஞ்சு அடிக்கிறது. ஆனால் இந்தத் தொடக்கத்தை நான் பார்க்காவிட்டால் இன்னொருவரும் பார்க்கப் போவதில்லை. ஒரே ஒரு கணம் பார்த்தேன். குழந்தையின் முகம் முதலில் சிவந்தது. நாக்கின் நுனி வெளியே வந்து சுருண்டது. தொண்டை ஏதோ செய்ய முயன்றது. சத்தமில்லை. சின்ன வயிறு ஒட்டி ஒட்டி உள்ளே போனது. அந்தக் குழந்தை இருமப் பார்த்தது. இருமத் தெம்பில்லை. அதன் பிறகுதான் நீலம்.

பார்த்தது போதும். குழந்தையைக் கையில் குப்புறக் கவிழ்த்து முதுகில் தட்டி, வாயில் விரலை விட்டு நூல் நூலாக வந்த சளியை வழித்து எடுத்தேன். மூச்சு வரவில்லை. திருப்பி அதன் வாய் மேல் வாய் வைத்துக் கொஞ்சமாக ஊதினேன், மறுபடி ஊதினேன். அப்புறம் அந்தப் பொடிப்பயல் அழுதான். எனக்கும் அழுகை வந்தது, வெட்கப்படாமல் அழுதேன்.

"எல்லாத் தடவையும் இப்படித்தாம்மா தொடங்கும்," என்றாள் செண்பகம்.

ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீலம் பாரிக்குதான்னு கேட்டீங்க, சொன்னேன். அதுக்கு முந்தி என்ன செய்தான்னு யாரு கேட்டா?"

அது என் முகத்தில் அறைந்தது. சுபைதாவின் உம்மாவும் இருமல் இல்லை என்றாள், செண்பகமும் இல்லை என்றாள். அவள் சொன்னது தப்பு, இவள் சொன்னது சரி. இரண்டு பேரும் மனசறிந்து சொன்னார்கள். இரண்டு பேருக்கும் ஒரே வியாதி வீட்டில். இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம் தீரவில்லை.

கணவனிடம் நான் நீட்டி முழக்கவில்லை. இது தோஷமுமில்லை வலிப்புமில்லை, இருமல். மருந்து உண்டு, ஆனால் இருமல் தேய நாளாகும், அதுவரை ஒவ்வொரு முறையும் சளியை எடுத்துவிட ஒரு கை பக்கத்தில் வேண்டும், ரயிலில் யார் எடுப்பார்கள் என்று மட்டும் கேட்டேன். போட்டு வந்து கரையில் இடித்து நின்றது. அவன் போட்டையும் பார்த்தான், என் விரலில் ஒட்டியிருந்த சளியையும் பார்த்தான். துணிமூட்டையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிப் பக்கம் நடந்தான்.

அடுத்து பெரிய டாக்டர். வழியெல்லாம் வாக்கியம் கட்டிக்கொண்டே போனேன். அவர் அறை வாசலில் நின்று சொன்னேன்: "சார், அந்தக் குழந்தைக்கு வந்திருப்பது வலிப்பில்லை, இருமக்கூடப் பலமில்லாத கக்குவான்."

அவர் எழுந்தார். போய்விடுவாரோ என்று நினைத்தேன். நேராக வார்டுக்குப் போய், ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுக் குழந்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். வேறு நோயாளிகள் காத்திருந்தார்கள், அசையவில்லை. அடுத்த வேகம் வரும்வரை உட்கார்ந்து, தொடக்கத்திலிருந்து பார்த்து, தன் கையாலேயே சளியை எடுத்துவிட்டார். பிறகு செண்பகத்திடம் திரும்பி, எனக்குப் பிழை பற்றிப் போயி அம்மா, தவறு என்னுடையது என்று மலையாளமும் தமிழுமாகச் சொன்னார். வலிப்பு மருந்து நின்றது. கிருமிக்கு மருந்து தொடங்கியது. குழந்தையை வெளிச்சமும் சத்தமும் குறைந்த மூலைக்கு மாற்றினோம், பாலைக் குழாய் வழியே கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தோம். தவறாகச் சொல்லிவிட்டேன் என்று நோயாளியிடம் சொன்ன பெரிய டாக்டர்களை நான் அதற்குப் பிறகு அதிகம் பார்த்ததில்லை. நீங்களாவது அப்படி ஆகுங்கள்.

கிடங்கில், காற்றுக்கு வந்தும் இருமல் நிற்காத எல்லோருக்கும் மருந்து கொடுத்தோம், த்ரேசியாவுக்கும். தடுப்பூசி போடாத பிள்ளைகளைப் பிடித்து வைத்துப் போட்டோம். யாரிடமிருந்து தொடங்கியது என்று நான் எவரிடமும் சொல்லவில்லை. ஆனால் ஒருநாள் செண்பகம் நேருக்கு நேராகக் கேட்டாள். என்ன சொல்வது? சொன்னால் அந்த நொண்டி மனுஷியின் பிழைப்பு போகும். மறைத்தால், சாகப் பிழைக்கக் கிடந்த குழந்தையின் தாயிடம் பொய் சொன்னவள் ஆவேன். இந்த மாதிரி இடத்துக்கு எந்தப் பாடத்திலும் விடை கிடையாது. சேச்சியிடமிருந்து வந்திருக்கலாம், அவளுக்கும் யாரோ கொடுத்ததுதான், அவளுக்கே தெரியாது என்றேன். செண்பகம் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

த்ரேசியாவும் தானாகவே கண்டுகொண்டாள். மருந்து வாங்க வந்தவள் என் மேஜைக்கு முன்னால் நின்று, "ஞானாணோ கொடுத்தது?" என்று கேட்டாள். நானா கொடுத்தேன் என்கிறாள். ஆமாம், அப்படித்தான் தோன்றுகிறது என்றேன். அவள் தன் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதற்குப் பிறகு அவள் ஒரு தொட்டிலையும் தொடவில்லை என்று கிடங்குப் பெண்கள் சொன்னார்கள். பெண்கள் வேலைக்குக் குழந்தைகளை முதுகில் கட்டிக்கொண்டு தூசிக்குள்ளேயே போனார்கள். த்ரேசியா தினமும் ஆஸ்பத்திரி வாசல் வரை வருவாள், உள்ளே வரமாட்டாள். குழந்தை எப்படி என்று நர்ஸிடம் கேட்டுவிட்டுப் போய்விடுவாள்.

குழந்தை தேறியது. ஒரேயடியாக இல்லை, இந்த நோய் யாரையும் சீக்கிரம் விடாது. வேகங்கள் இடைவெளி விட்டன, பிறகு நீலம் நின்றது, கடைசியில் ஒருநாள் எல்லோருக்கும் கேட்கும்படி அவன் நன்றாக இருமினான். வார்டே சிரித்தது. ஒரு குழந்தை இருமியதற்கு நாங்கள் சந்தோஷப்பட்டது அந்த ஒரு தடவைதான்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் வாசல் வரை நானும் கூடப் போனேன். வழக்கம்போல த்ரேசியா படியில் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய மருந்து முடிந்து வெகுநாள் ஆகியிருந்தது. செண்பகத்தைக் கண்டதும் எழுந்து போகப் பார்த்தாள், இடுப்பு சட்டென்று விடவில்லை. செண்பகம் அவளைத் தாண்டிப் போனாள். கணவனும் பின்னால் போனான். வாசல் தாண்டியவள் நின்றாள். திரும்பி வந்து, குழந்தையை த்ரேசியாவின் மடியில் வைத்தாள்.

"இருமல் வந்தா அந்தப் பக்கம் திரும்பிக்கிடுங்க சேச்சி. நான் வேலைக்குப் போவணும்."

த்ரேசியாவுக்கு அப்போது இருமல் வரவில்லை. ஆனாலும் முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டாள். மடியில் இருந்த குழந்தையை ஒரு கையால் அணைத்தபடி, திரும்பிய முகம் திரும்பியபடியே வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.